கட்டில்காரரின் இணையதளம்

என் அக்கா புருஷனுக்கு ஆஸ்பத்திரி வட்டாரத்தில் கட்டில்காரர் என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகளுக்குக் கட்டில் வாடகைக்குக் கொடுப்பதுதான் அவர் தொழில். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி வைத்த இரும்புக் கட்டில்கள். மொத்தம் பன்னிரண்டு வைத்திருந்தார். கடை என்பது ஷட்டர் போட்ட நீளமான ஒரே அறை. முன்னால் மேசை, போன், ஒரு நோட்டு. நடுவில் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்த கட்டில்கள். கடைசியில் குழாயடி. அங்கேதான் என் வேலை. திரும்பி வரும் மெத்தைகளை லோஷன் போட்டுத் துடைப்பேன். ரெக்ஸின் உறை கிழிந்திருந்தால் தைப்பேன். அக்கா போனைப் பார்த்துக்கொள்வாள். மாமா கட்டிலைக் கொண்டுபோய் மாட்டுவார், கழற்றுவார்.

அதற்கு முன் ஒன்பது வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னதும், நிமிர்த்தி உட்காரவைக்கக்கூட வழி தெரியாமல் குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நித்தமும் பார்த்தவர். ஆஸ்பத்திரி கழித்துப் போட்ட உடைந்த கட்டில் ஒன்றை ஏலத்தில் எடுத்து, பற்றவைத்து, பெயிண்ட் அடித்தார். அதை வாடகைக்குக் கேட்டு முதலில் வந்தவர், அப்பாவைக் கூட்டிப் போக வந்த ஒரு மகன்.

"எத்தனை நாளைக்கு சார் வேணும்?" என்று மாமா கேட்டிருக்கிறார்.

"நீங்கதான் ஆஸ்பத்திரியில இருந்தவரு. நீங்களே சொல்லுங்க, எத்தனை நாளு?" என்று அந்த மகன் கேட்டாராம்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் மாமா யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நோட்டில் பெயர், தெரு, எத்தனையாவது மாடி, படிக்கட்டின் அகலம், கதவின் அகலம், எந்தச் சுவரோரம் போட வேண்டும் என்று ஆறு கட்டங்கள் உண்டு. திரும்பி வரும் நாளுக்குக் கட்டம் கிடையாது. ஒருநாள் போன் வரும். "கட்டிலை எடுத்துக்கலாங்க" என்பார்கள். "சரிங்க, வர்றேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி வைத்திருப்பார். போன இடத்தில் எப்போதாவது நோயாளியே எழுந்து வந்து கதவைத் திறப்பதுண்டு. அன்றைக்குக் கடைக்குத் திரும்பும்போதே விசிலடித்துக்கொண்டு வருவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த தொழிலில் போன வருஷம் மண் விழுந்தது. பெரிய கம்பெனி ஒன்று ஊருக்குள் வந்தது. போனில் தேடினால் அவர்கள்தான் முதலில் வந்தார்கள். வாரத்துக்கு மூன்று கட்டில் போன இடத்தில், மாதத்துக்கு மூன்று போவதே பாடாகிவிட்டது. கடையை மூடுவதா, இணையதளம் போட்டுப் பார்ப்பதா என்ற நிலைமை. இருந்த சேமிப்பை எடுத்து இணையதளம் போடுவது என்று முடிவானது.

அதைச் செய்து தர வந்த பெண்ணை எங்களுக்கு முன்பே தெரியும். அவள் அப்பாவுக்கு எங்கள் கட்டில் ஏழு மாதம் இருந்தது. வந்த முதல் நாளே நாலு பக்கத்துக்குக் கேள்வித்தாள் கொடுத்துவிட்டாள். அதனால் மாமா அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்தார்.

"உங்க வாடிக்கையாளர் யாரு அங்கிள்?"

"படுத்தவங்கதான்."

"படுத்தவங்க போன்ல தேட மாட்டாங்களே. தேடுறது யாரு?"

மாமா விரல் விட்டு எண்ணினார். "மகன். மருமக. பொண்டாட்டி. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு, ஒரு கையில மருந்துச் சீட்டு, ஒரு கையில போனு."

"அந்த ஒரு கைக்குத்தான் நாம வெப்சைட் போடப்போறோம்" என்றாள் டீச்சர்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பெரிய எழுத்து, ஒற்றைக் கட்டைவிரலில் அழுத்தும் அளவுக்குப் பட்டன், சிக்னல் குறைவான வராந்தாவிலும் சட்டென்று திறக்கும் பக்கம் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு ஆளை நினைத்தே முடிவு செய்தாள். முகப்பு, பொருட்கள், எங்களைப் பற்றி, கேள்வி பதில், பதிவு என்று ஐந்து சீட்டு எழுதி எங்கள் இரும்பு பீரோவில் ஒட்டினாள். எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டாள். கேள்வி பதில் பக்கத்துக்கு அக்கா போனில் சொல்லும் பதில்களை உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். எங்களைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மாமாவிடம் கேட்டதற்கு, மூன்று நாள் கழித்து ஒரு தாள் கொடுத்தார். "கட்டில் நன்றாகத் துடைத்துத் தரப்படும். சத்தம் போடாமல் மாட்டித் தரப்படும்" என்று இரண்டே வரி.

போட்டோ எடுப்பதுதான் பெரும்பாடு. காலிக் கட்டிலை எடுத்த படத்தைப் பார்த்ததும் அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"பாக்கவே நல்லால்ல. எந்திரிச்சுப் போன மாதிரியா இருக்கு? எடுத்துட்டுப் போன மாதிரில்ல இருக்கு."

"அப்ப யாராவது படுங்க ஆன்ட்டி."

"நல்லாருக்குடி உன் நியாயம்! நல்லாருக்கிறவளைப் படுக்கப் போடுறியா?"

கடைசியில் மாமாவே படுத்தார். தொப்பை தடுப்புக் கம்பிக்கு மேலே தெரிந்தது.

"அங்கிள், கொஞ்சம் முடியாதவர் மாதிரி முகத்தை வைங்க."

"அவர் மூஞ்சியே அப்படித்தான், நீ எடு" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தோம். அந்த அறையில் நாங்கள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. முடிவில் ஒரு தலையணையும், மடித்த செய்தித்தாளும், மூக்குக் கண்ணாடியும் கட்டில் மேல் வைத்து எடுத்தாள். முகம் கழுவப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்பதுபோல் இருந்தது அந்தப் படம்.

பிறகு பதிவுப் பக்கம் வந்தது. அதை டீச்சர் முழுதாகத் தானே செய்யவில்லை. ஓட்டல் அறைகளுக்கென்று ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கி, அறை என்ற இடத்தில் கட்டில் என்று மாற்றியிருந்தாள். வாடகையை மாமா வாராவாரம் நேரில் வாங்குவார் என்பதால் தொகை கணக்கிடும் பகுதியையும் எடுத்துவிட்டாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"என்னம்மா இது, எதுவரை தேவைன்னு?"

"முடியுற தேதி அங்கிள். அதைப் போட்டாத்தான் அந்தக் கட்டில் எப்ப காலியாகும்னு வெப்சைட்டுக்குத் தெரியும்."

"எனக்கே தெரியாது. அதுக்கு எதுக்குத் தெரியணும்?"

"தெரியலைன்னா ஒரே கட்டிலை ரெண்டு பேருக்குக் குடுத்துரும்."

"உங்க வீட்டுக்குக் கட்டில் குடுத்தப்ப நான் கேட்டனா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க கேக்கலை அங்கிள். ஆனா கம்ப்யூட்டர் கேக்கும். கேக்காம அதுக்கு ஓடத் தெரியாது."

மூன்று நாள் வேலை நின்றது. மாமா சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அக்கா வெடித்தாள். "கௌரவம் பாத்துக்கிட்டே இருங்க. அந்தப் பன்னெண்டு கட்டில்லயும் நாம மூணு பேரும் மாத்தி மாத்திப் படுத்துக்கலாம்." மாமா டீச்சருக்குப் போன் போட்டு, "போட்டுருங்க" என்றார். பக்கத்தில் 'உத்தேசமாக' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார். சேர்த்தாள்.

தளத்தைத் திறந்துவிடுவதற்கு முந்தின நாள் எங்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. பாதியில் கட்டில் மாட்டும் வேலை வந்ததால் மாமா போய்விட்டார். அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பதிவு வந்தால் இங்கே தெரியும், கட்டில் திரும்பி வந்ததும் இங்கே வந்து இந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று டீச்சர் வேகமாகக் காட்டினாள்.

"புரிஞ்சுதா ஆன்ட்டி? புரிஞ்சுதாக்கா?"

நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அக்காவுக்குப் புரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். எனக்குப் புரிந்திருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாமாவின் விரலைப் பிடித்து டீச்சர் பட்டனை அழுத்த வைத்தாள். ஒன்றும் நடந்தமாதிரித் தெரியவில்லை. "அவ்வளவுதானா?" என்றார் மாமா. அவ்வளவுதான். தள முகவரியைப் பெரிதாகவும், போன் நம்பரைச் சிறிதாகவும் போட்டு அட்டை அச்சடித்தோம். மாமா வார்டு வார்டாகப் போய் நர்சம்மாக்களிடமும் ஆயாக்களிடமும் கொடுத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை முதல் பதிவு வந்தது. அந்த வாரமே மூன்று. ஐந்து வாரத்துக்குள் பன்னிரண்டு கட்டிலும் வெளியே போய்விட்டன. சுவரோரம் வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்து அக்கா, "இன்னும் நாலு கட்டில் வாங்கணும் போலிருக்கே" என்றாள். பதிவு வந்ததும் அதைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். பெயர், தெரு, மாடி, படிக்கட்டு, கதவு, சுவர். ஆறு கட்டத்தையும் நிரப்புவேன். எதுவரை என்பதற்கு நோட்டில் கட்டம் இல்லாததால் அதை எழுதவில்லை. எழுதவில்லையே தவிர, பார்த்தேன். முதல் பதிவில் பத்து வருஷம் தள்ளி, டிசம்பர் முப்பத்தொன்று என்று இருந்தது. இரண்டாவதிலும் அதேதான். யாரோ அப்பாவுக்கு ஆசையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இதைப் போய் யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரத்திலிருந்து பதிவு நின்றது.

கட்டில்கள் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "எடுத்துக்கலாங்க" என்பார்கள், மாமா போய் எடுத்து வருவார், நான் மெத்தையைத் துடைப்பேன், நோட்டில் அந்த வரிக்கு ஒரு கோடு போடுவோம். இருபத்திரண்டு வருஷமாகச் செய்தது அதுதான். அந்தக் கோட்டை இணையதளமும் எப்படியோ தெரிந்துகொள்ளும் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் இருந்திருக்கிறோம். ஒன்பது கட்டில் சுவரோரம் வந்து சாய்ந்துவிட்டன. மூன்று மட்டும் வெளியே இருந்தன. கட்டில் கேட்டுப் போன் அடிக்கவே இல்லை. மாமா வாடகையைக் குறைத்துப் போடச் சொன்னார். டீச்சர் ஊரில் இல்லாததால் போனிலேயே மாற்றிக் கொடுத்தாள். கேள்வி பதிலில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்தாள். காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, எண்ணெய் போட்ட கைப்பிடிகளுக்கே மறுபடியும் எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். அக்கா போனை எடுத்து, ரீங்காரம் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைப்பாள். இப்படியே பத்து வாரம்.

பெரிய கம்பெனியோடு மோத முடியாது, ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம் என்று மாமா சொல்லத் தொடங்கியிருந்தார். இருந்தாலும் மனசு கேட்காமல் ஒருநாள் இன்னொரு கட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மெத்தை உறைக்குத் துணி எடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூடப் போனேன். எலும்பு வார்டு நர்சம்மா அட்டையைக் கையில் வாங்கவில்லை.

"ஏன் கட்டில்காரரே, எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது? கட்டிலே இல்லைன்னு போட்டு வச்சுட்டு, இங்க வந்து கார்டு நீட்டுறீங்க?"

"யாரும்மா இல்லைன்னது? ஒம்பது கட்டில் சும்மா கெடக்கு."

"நான் எத்தனை பேருக்கு உங்க வெப்சைட்டைச் சொல்லி அசடு வழிஞ்சேன் தெரியுமா? எப்பத் தொறந்தாலும் இருப்பு இல்லை, இருப்பு இல்லை. இப்பல்லாம் அந்தக் கம்பெனி நம்பரைத்தான் குடுக்குறேன்."

தன் போனிலேயே திறந்து காட்டினாள். மூக்குக் கண்ணாடியும் செய்தித்தாளும் வைத்த கட்டில் படம். அதன் கீழே சிவப்பில், 'தற்போது இருப்பு இல்லை'. கட்டில் தேடி வருகிறவர்கள் பார்க்கும் அந்தப் பக்கத்தை எங்களில் ஒருவரும் திறந்து பார்த்ததே இல்லை. மாமா அதைத் தன் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

மறுநாள் டீச்சர் வந்தாள். மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து பட்டியலை எடுத்தாள். பார்த்த உடனேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நம்ப முடியாமல் வாய்விட்டு வாசித்தாள். பத்து வருஷம் தள்ளி, டிசம்பர் முப்பத்தொன்று. பத்து வருஷம் தள்ளி, டிசம்பர் முப்பத்தொன்று. அந்தக் காலண்டர் அதற்கு மேல் போகாது. போகக்கூடிய கடைசி நாளைத்தான் ஏறக்குறைய எல்லாரும் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் நாலு வருஷம் தள்ளி ஏப்ரல் மாதம் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி உண்டு. அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாதமாக இருக்கும். கால் முறிந்த ஒருவர் மூன்று வாரம் என்று சரியாகப் போட்டிருந்தார். அந்தக் கட்டில் தானாகவே காலியாகி, அதற்கு அடுத்து வந்தவர் அதற்கும் பத்து வருஷம் போட்டுவிட்டார்.

எட்டாவது வரியோடு டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"யாரும் கிட்டத்துல ஒரு தேதி போட மாட்டாங்கதான்" என்றாள். பிறகு, "நானும் போட்டிருக்க மாட்டேன். எனக்குத் தோணியிருக்கணும்" என்றாள்.

"வந்ததும் அழுத்தணும்னு சொன்னியேம்மா, அது இதுதானா?" என்று அக்கா கேட்டாள். "இவ அழுத்துறான்னு நெனச்சேன்." என்னைப் பார்த்தாள். முதல் நாளே பார்த்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

டீச்சர் சரிசெய்ய உட்கார்ந்தாள். திரும்பி வந்த கட்டில்களுக்கு ஒவ்வொரு பெயராக அழுத்த வேண்டும். அழுத்தினால், 'இந்த வாடிக்கையாளரின் தேவை முடிந்துவிட்டதா?' என்று அது கேட்கும். ஆம் என்று அழுத்த வேண்டும். "நான் செஞ்சுடறேன் அங்கிள்" என்றாள். மாமா கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்பது பேருக்கும் தானே அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்த வீட்டு மாடிப்படியை நினைத்துப் பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் இருந்தார். வேலை முழுவதும் முடியக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பத்து வாரம் எங்களைச் சாகடித்தது கால் மணி நேர வேலைதான்.

அதன் பிறகு தளத்தில் தேதி கேட்பதை எடுத்துவிட்டு, போன் நம்பரைப் பெரிதாகப் போட்டாள். இனிமேல் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. வார்டுகளில் கட்டில்காரர் என்றாலே இல்லை என்பவர் என்று ஆகிவிட்டது. இல்லை என்று ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை பார்க்க வரவில்லை. அப்பாவுக்கு இன்று கட்டில் வேண்டும் என்பவர், அடுத்த மாதம் யாருக்காகத் தேடுவார்? மாமா இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு கம்பெனிக்கே போன் போட்டார்.

அவர்கள் பன்னிரண்டையும் கேட்டார்கள். வெளியே இருக்கும் மூன்றும் எந்தத் தேதிக்குள் வந்து சேரும் என்று கேட்டார்கள். மாமா ஒன்பதை மட்டும் கொடுத்தார். அந்த மூன்று வீட்டுக்கும் போன் செய்து கேட்கச் சொன்னதற்கு, "அது நடக்காதுங்க" என்றார். ஒன்பது கட்டிலையும் அவர்களுடைய ஆட்கள் வண்டியில் ஏற்றியபோது நட்டு போல்ட்டுகள் தகரப் பெட்டியில் கலகலவென்று விழுந்தன. மாமா தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார். கடையைக் காலி செய்துவிட்டு வந்தோம். போனை வீட்டுக்கு மாற்றிக்கொண்டார், அந்த மூன்று வீட்டுக்காக. ஐம்பத்தாறு வயதில் மறுபடியும் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போகிறார். தினக்கூலிதான். முட்டி வீங்கி வருகிறது. அக்கா அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு சோபாக் கடையில் உறை தைக்கிறேன்.

ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டியிருப்பதால் இணையதளம் இன்னும் இருக்கிறது. எப்போதாவது யாராவது அதைப் பார்த்துப் போன் செய்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது ஒரு அழைப்பு வந்தது. ஒரு அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. வீட்டுக்காரரை நாளைக்கு அனுப்பிவிடுகிறார்களாம்.

"எத்தனாவது மாடிம்மா?" என்றார் மாமா. "லிப்ட் உண்டா? படியோட அகலம் தெரியுமா? தெரியலைன்னா ஒரு ஆள் பக்கத்துல நிக்கும்போது இன்னொருத்தர் போக முடியுதான்னு பாருங்க. ஜன்னல் பக்கம் போடாதீங்க, மதியத்துல வெயில் முகத்துல அடிக்கும். அவர் தலைமாட்டுல கை எட்டுற தூரத்துல ஒரு ஸ்டூல் இருக்கட்டும். தண்ணி, மணி, கண்ணாடி எல்லாம் அதுலயே வைங்க. கம்பியை ராத்திரி மட்டும் ஏத்துங்க, பகல்ல எறக்கியே வைங்க, அடைச்சு வச்ச மாதிரி நெனச்சுக்குவாங்க."

அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்திருப்பாள். கேட்டதையே திரும்பக் கேட்டாள். மாமாவும் திரும்பச் சொன்னார். இருபது நிமிஷம் ஆயிற்று.

"அப்ப எத்தனை மணிக்குக் கொண்டு வருவீங்க?"

மாமா சுவரைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்கிட்ட கட்டில் இல்லம்மா. வேற ஒரு நம்பர் தர்றேன், எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. "ஆமாம்மா, தப்புதான். வெப்சைட்ல இருக்குன்னுதான் போட்டிருக்கும்" என்றார். கம்பெனியின் நம்பரை நிதானமாக, இரண்டு தடவை சொன்னார்.

"எதுக்கு இதையெல்லாம் எடுத்துப் பேசிக்கிட்டு? அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி அதைத் தூக்கச் சொல்லுங்களேன்" என்றாள் அக்கா.

மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய முட்டியை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூன்று வீட்டில் ஒன்றுகூட இன்னும் கூப்பிடவில்லை.